ஹவல்லி, மூன்றாம் மாடி

போர் முடிந்த மறுவருடம் வந்தேன்.
லிஃப்ட் ஓடவில்லை.
மின் மீட்டரில் இன்னும் கலீல் மன்சூர் பெயர்.
யாரென்று கேட்டதற்குக் காவலாளி
அம்மான் இருக்கும் திசையில் மோவாயை ஆட்டினான்.
அவ்வளவுதான் அவன் சொன்ன வரலாறு.

மூன்று அறை, ஒரு கூடம்.
பதினோரு ஜிப்சம் பலகை வாங்கி
கொல்லத்துக்காரர் இருவர் ஒரே வெள்ளிக்கிழமையில்
ஒன்பதாக்கினார்கள்.
முதலாளி மகன் பதர் நின்று பார்த்தான்,
லண்டனில் பொருளாதாரம் படித்துத் திரும்பியவன்.

மதரஸாவில் ஓதிய அரபிக்கு
இங்கே சம்பளம் கிடைத்தது. அவன் சொல்லச் சொல்ல அடித்தேன்:
கீழ்க்கட்டில் இருபது தினார்.
மேல்கட்டில் பதினாறு.
சன்னலோரம் இரண்டு கூடுதல்.
ஏசி காற்று நேரே விழும் இடம், மூன்று.
தகரம் அடைத்த பால்கனி பன்னிரண்டு,
ஜூலையில் பேசிக்கொள்ளலாம்.

"இந்த விலைய யாரு வச்சது?"
செய்யது இபுராம்சா கேட்டார். கீழக்கரை,
பேக்கரியில் இரவு வேலை.
"யாரும் இல்லை" என்றான் பதர்,
ஏமாற்றவில்லை, நம்பித்தான் சொன்னான்.
"யாரும் வைக்காததால்தான் அது சரியான விலை.
அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தால் ஆள் சோம்பேறியாவான்.
வாடகைக்கு உச்சவரம்பு போட்டால்
வீடே காணாமல் போகும்."
மடியில் ஒரு புத்தகம், பக்கமெல்லாம் அடிக்கோடு.

இபுராம்சா என் பக்கம் திரும்பினார்.
"யாருமே வைக்காத விலைய
ஒண்ணாந்தேதியானா இவர் ஏன் வந்து வாங்குறார்?"
என்ன சொல்கிறார் என்றான் பதர்.
புரிந்ததாம், என்றேன்.

நாலு வருடம் கழித்து ஒரு மாலை
கதவைச் சாத்திவிட்டு இன்னொரு கடிதம் சொன்னான்.
பெறுநர் வீட்டுவசதித் துறை.
திருமணமாகிவிட்டது, குழந்தை ஒன்று,
அரசு மனைக்கும் கடனுக்கும் மனுப்போட்டு
வரிசையில் என் எண் அசையவே இல்லை.
'ஹக்' என்ற சொல் நாலு இடத்தில் வந்தது.
மூன்றாவதில் விரல் தடுக்கி
அழித்து அடித்தேன்.

"கெஞ்சுகிற மாதிரி இருக்கிறதா?"
இல்லை என்றேன்.
யோசித்தான்.
"கொஞ்சம் கெஞ்சு."

எனக்கும் இபுராம்சாவுக்கும் ஒரே கட்டில்,
ஆளுக்குப் பத்து.
நான் சாயும்போது தலையணையில் அவர் சூடு,
ஓரத்தில் மாவு.
வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை.
அவர் தூங்கட்டும் என்று
படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன்.
மீட்டர் சக்கரம் சுற்றும்.
பில் இப்போதும் கலீல் மன்சூருக்குத்தான் வருகிறது.
ஒன்பதாகப் பங்கு போட்டு
அவர் பெயரில் கட்டுகிறோம்.