ஆறு நிமிடம்

பார்னு மருத்துவமனைத் தாழ்வாரத்தில்
மஞ்சள் நாடா ஒட்டிய முப்பது மீட்டர்.
போய்த் திரும்பினால் அறுபது.

மாரிகா கையில் கடிகாரம்.
என் இடது முழங்காலுக்குக் கீழே
வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை.
அது நுழைய வேண்டுமே என்று
வலதுக்கு நாற்பத்திரண்டு,
இடதுக்கு நாற்பத்துநான்கு.
கடைக்காரர் இரண்டு ஜோடிக்கும் காசு வாங்கினார்.

போன வாரம், பட்டையில்லாமல்,
நுனிவிரல் தரையை உரச
இடுப்பைத் தூக்கித் தூக்கி வீசி
நூற்றெழுபது மீட்டர்.
நெஞ்சு, நான் ஓட்டிய இழுவைப் படகின்
பழைய எஞ்சினாய் இரைந்தது.

இன்று இருநூற்றுப் பதினைந்து.
நாடித்துடிப்போ அன்றைவிடக் குறைவு.

“நல்லதுதானே?” என்றேன்.

“கால் மிச்சம் பிடித்ததை
இதயம் உட்கார்ந்து தின்னக் கூடாது, ஊடோ.
இனி தூரத்தைக் கூட்டணும்.”

வெளியே புதுப்பனி.
ஆற்றுப் பாலத்தைப் பார்த்து நடக்கிறேன்.
பட்டை குதிகாலில் கடிக்கிறது,
கெண்டைச் சதையில் வேர்க்கிறது, இந்தக் குளிரிலும்.

சும்மா திரும்பிப் பார்த்தேன்.
போன வாரம் என் தடங்களுக்கு நடுவே
ஒரு கோடு இழுபட்டிருக்கும்,
யாரோ கோலை இழுத்துப் போனதுபோல்.

கோட்டைக் காணோம்.

பாலம் இன்னும் தள்ளி.
மூச்சு வாங்குகிறது.
வாங்கட்டும்.