மஞ்சள் உறை

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் என் மேசை.
மொழிபெயர்ப்பு, பக்கத்துக்கு நூற்றைம்பது.
சீல் தனி.

ஆம்பூரிலிருந்து வந்திருந்தாள் தபஸ்ஸும்.
கையில் மஞ்சள் உறை.
தோலைத் தடவியே தரம் பிரிப்பவன் புருஷன் இம்தியாஸ்;
ஜெர்மனியில், ஷூ செய்யும் ஓர் ஊரில் இரண்டு வருஷமாய்.
"அடிச்சாரா, திருடினாரா, என்னக்கா எழுதியிருக்கு?
மாமியாருக்கு நான் என்ன சொல்ல?"

ஜனவரி இரவு. பனி.
சைக்கிளோடு விழுந்து கிடந்த கிழவரைக்
கண்டும் கடந்து போயிருக்கிறான்.
இடித்தது அவனில்லை.
போனில் மூன்று எண்களை அழுத்தவில்லை, அவ்வளவுதான்.
அபராதம்: நாற்பது நாள் வருமானம்.

"ஒண்ணுமே செய்யலையே அவரு!"

அதுதான் குற்றம் என்பதை
எந்தத் தமிழில் அடிப்பது?

பன்னிரண்டு வருஷமாய்ச் சட்டங்களைக் கரை கடத்துகிறேன்.
பேரணாம்பட்டு டிரைவருக்கு ரியாத்தில்
உயிருக்கு விலை பேசி, வாரிசுகள் மன்னித்த கடிதம்
என் விரல் வழியாகத்தான் வந்தது.
அதே தூக்கம், அதே வேகம், காட்பாடி மேம்பாலத்தில் என்றால்
பெற்ற தாய் மன்னித்தாலும்
அரசு மன்னிக்காது.
முந்நூற்று நாலு ஏ, நூற்றாறு ஆனபோது
எண்ணை மட்டும் திருத்திக்கொண்டேன்.
கொலைக்கும் திருட்டுக்கும்
நான் சொல் தேடியதே இல்லை.

இதற்கு?
'உதவாமை' என்று அடித்தேன்.
நீதிபோதனை வகுப்பின் வாடை.
'உதவி மறுத்தல்'.
கிழவர் கேட்கவே இல்லையே.

அந்த நவம்பரில் பாலாறு
என் ஆயுளில் முதல்முறையாகக் கரைமுட்டி ஓடியது.
விரிஞ்சிபுரம் தரைப்பாலத்துப் பக்கம்
ஊரே நின்றோம், போனை உயர்த்தி.
மணல் அள்ளிய குழி இருந்த இடத்தில் ஒரு கை
எழுந்தது
அமிழ்ந்தது
எழுந்தது.
என் தோளில் இரண்டரை மீட்டர் துப்பட்டா.
பெயர் மறுநாள்தான் தெரியும்: பூவரசன், பத்தொன்பது வயது.

நூற்று எழுபத்து நாலில் எழுதி மூடினார்கள்.
அதில் என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு:
'நேரில் கண்ட சாட்சி'.
ஸ்டேஷனில் நாற்காலி போட்டார்கள்.
டீ வாங்கித் தந்தார்கள்.
சர்க்கரை போதுமா என்று கேட்டார்கள்.

"முடிஞ்சுதாக்கா? ஒன்றரை மணி வண்டிக்குப் போகணும்."

குற்றத்தின் தன்மை என்ற கட்டத்தில்
'நின்று பார்த்தது' என்று அடித்தேன்.
பிரிண்ட் கொடுக்கும்போதுதான் உறைத்தது,
இம்தியாஸ் நிற்கவே இல்லை.

அழித்தேன்.