மூன்றாவது பை

மிசூரியின் தெற்கே, ஓசார்க் குன்றுகளின் அடிவாரம்.
ஜூலை மூன்றாம் வாரம் லீட்டா கூப்பிட்டாள்.
மாவட்ட வேளாண் அலுவலகத்தில்
மண் பைகளோடு அலைகிறவன் நான்.

நாற்பத்தொரு தக்காளிச் செடி.
பதினேழு நின்றபடியே செத்திருந்தன.
இலை பழுக்கவில்லை. புழு இல்லை. புள்ளி இல்லை.
காலையில் விட்ட தண்ணீர் பாத்தியில் மினுங்க,
தாகத்தில் துவண்டவைபோல் துவண்டிருந்தன.

"அவன்தான்" என்றாள்,
வேலிக்கு அப்பால் மோவாயை நீட்டி.
"களைக்கொல்லி. ராத்திரியில்."
அவன் என்றால் கார்வின், கூடப்பிறந்தவன்.
அப்பா போனபின் நிலத்தை அளந்து
கம்பி கட்டி நான்கு வருடம்.
பேச்சு நின்று மூன்று.

செத்த செடிகளை மட்டும்
நோட்டில் புள்ளி வைத்துச் சேர்த்தேன்.
ஒரு வில். பிசகாத வளைவு.
மீதி வட்டத்தை முடித்தால்
அதன் நடு கார்வின் பக்கம்,
கறுப்பு வால்நட் மரத்தின் தூர்.

வேருக்குக் கம்பி தெரியாது.
நிழல் முடிகிற இடத்தையும் தாண்டி நடந்திருக்கிறது.

ஜுக்லோன் என்று பெயர்.
வேருக்குள் இருக்கும்வரை அது வேறொன்று,
நிறமில்லை, யாரையும் தொடாது.
கசிந்து வெளியே வந்து காற்றுப் பட்டால்தான் நஞ்சு.
தக்காளிக்கு மூச்சு முட்டும்.
மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு,
அந்தக் குடும்பத்துக்கே ஆகாது.
வெங்காயத்தை ஒன்றும் செய்வதில்லை, மக்காச்சோளத்தையும்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
எங்கள் கையேட்டில் அதற்கு ஒரு வரிதான்.

இருவரையும் வேலியோரம் வரவழைத்துச் சொன்னேன்:
யாரும் எதையும் ஊற்றவில்லை.

நிம்மதி வரும் என்று நினைத்தது என் மடத்தனம்.
லீட்டாவின் முகம்
நான்கு வருடம் சேர்த்ததைப்
பறிகொடுத்தவள் முகமாயிற்று.
கார்வின் தொப்பியைக் கழற்றினான்,
திரும்ப மாட்டிக்கொண்டான்.

"வெட்டச் சொல்லுங்கள்" என்றாள் என்னிடம்.
"மர வியாபாரி நல்ல விலை சொல்கிறான், வெட்டத்தான் போகிறேன்"
என்றான், என்னிடம்.

வெட்டினாலும் போகாது
என்பதை அப்போதுதான் சொல்லவேண்டியிருந்தது.
வேர் மக்கும்வரை உண்டு.
மூன்று வருடமோ, ஏழோ.

மரத்திலிருந்து பிஞ்சொன்று உதிர்ந்தது,
பச்சையாக, லீட்டாவின் காலடியில்.
எடுத்தாள். பேசாமல் நகத்தால் கீறிக்கொண்டே நின்றாள்.
விரல் மஞ்சளாகி,
நாங்கள் பார்க்கப் பார்க்கப் பழுப்பானது.

"அது லேசில் போகாது"
என்றான் கார்வின்.
இந்த முறை என்னிடம் இல்லை.

அவள் பதில் சொல்லவில்லை.
காயைக் கீழே போடவும் இல்லை.

வண்டிக்குத் திரும்பி மண் பைகளைக் கட்டினேன்.
ஒன்றில் லீட்டா. ஒன்றில் கார்வின்.
கம்பிக்கு நேர் கீழே தோண்டிய மூன்றாவதில்
யார் பெயரை எழுதுவதென்று தெரியாமல்
தேதியை மட்டும் எழுதினேன்.