முட்டைக் கணக்கு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்ததால்
அதிகாரி வர இருபது நிமிடம் தாமதம்.
அதற்குள் நான்
மூன்றாம் வகுப்பில் பாதியைக் கிளப்பி
ஐந்தில் உட்காரவைத்திருக்கலாம்.
போன வருடம் அப்படித்தான் செய்தேன்.

இந்த முறை அவர் வகுப்புக்கே வரவில்லை.
நேரே சத்துணவுக் கூடத்துக்குப் போய்
கஜலட்சுமியிடம் நோட்டைக் கேட்டார்.

என் வருகைப் பதிவேட்டில் தொண்ணூற்றாறு பேர்.
அவள் நோட்டில் முட்டை நாற்பத்தொன்று.
வேகும்போது வெடித்தது இரண்டு என்று
பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தாள்,
அதற்கும் தானே பொறுப்பு என்பதுபோல.

"மீதி ஐம்பத்தைந்து பேரும் முட்டை தொட மாட்டாங்களா டீச்சர்?"
"செவ்வாய்க்கிழமை சார், கவிச்சி ஆகாது" என்றேன்.
அன்று புதன்.

கால்வாய் ஓரத்துக் குடிசைகளை எடுத்த மாதம்
லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே
உட்கார்ந்து போனார்கள் என் பிள்ளைகள்,
பெரும்பாக்கத்துக்கு, எட்டாவது மாடிக்கு.
யாரும் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரவில்லை.
நானும் பெயரை அடிக்கவில்லை.
பிரியம் என்று சொல்லலாம்.
அடித்தால் இரண்டு பணியிடம் போகும்,
அதில் ஒன்று ஸ்டெல்லாவுடையது,
அவள் புருஷனுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்
என்றும் சொல்லலாம்.
மூன்றாவதாக என் சம்பளம்.
எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட
எந்தப் பதிவேட்டிலும் கட்டமில்லை.

தாளாளர் கையெழுத்திட்ட குறிப்பாணை வந்தது.
விளையாட்டு மைதானத்தைக்
கண்டெய்னர் லாரி நிறுத்த வாடகைக்கு விட்டவர் அவர்.
கூரையில்லாத கழிவறைக்காக
அவருக்கு நான் எழுதிய பதினொரு கடிதங்களும்
நகலோடு கோப்பில் இருக்கின்றன.
அந்தக் கோப்பை ஒருவரும் திறக்கவில்லை.
அதிலும் இதே கையெழுத்துதான்.

பள்ளியை மூட உத்தரவு.
பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் நாற்காலி காலி.
கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கும் தேசம்மா
சும்மாட்டுத் துணியோடு எழுந்து நின்றாள்:
"நீ எய்தன கணக்கு தப்பு, சரி.
அதுக்கு எம்புள்ள இன்னாத்துக்கு டீச்சர்
நாலு தண்டவாளம் தாண்டணும்?"

பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரச் சொன்னது குறிப்பாணை.
பன்னிரண்டு பக்கம் எழுதித் தந்துவிட்டேன்.
தேசம்மாவுக்கு இன்னும் ஒரு வரி வரவில்லை.

நாற்பத்தொரு மாற்றுச் சான்றிதழ்கள்.
நடத்தை: நன்று, நன்று, நன்று.
விலகக் காரணம் என்ற இடத்தில்
பேனா ஒவ்வொரு முறையும் சற்று நின்றது.

கடைசி நாள்
பதிவேட்டைச் சரிசெய்து ஒப்படைக்க வேண்டும்.
அடிப்பதற்கு முன் ஒவ்வொரு பெயரையும்
ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டேன்.
யுவஸ்ரீ. ஒரு கோடு.
அந்தோணி ரிச்சர்ட். ஒரு கோடு.
ஷமீனா. கோடு கொஞ்சம் கோணல்.

தில்லிபாபு.

"உள்ளேன் டீச்சர்."

நிமிர்ந்தேன்.
கடைசி பெஞ்சில் நாலு பேர்,
நாலு பேரும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு.
போனவனுக்காக எவனோ குரல் மாற்றிச் சொல்லியிருக்கிறான்.
நல்லாத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

யாரென்று கேட்கவில்லை.
அந்த ஒரு பெயரை மட்டும் அடிக்காமல்
பதிவேட்டை மூடினேன்.
அதையும் யாராவது வந்து கேட்பார்கள்.
கேட்கட்டும்.