மீட்டர் ஓடுகிறது

கொளப்பள்ளி கடைவீதியில் என் டெலிபோன் பூத்.
கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது.
ரிசீவர் பழசு, அந்தப் பக்கத்துப் பேச்சு
இந்தப் பக்கம் சிந்தும்.
ஆகையால் பல விஷயம் எனக்குத் தெரியும்.
கேட்காதீர்கள்.

இந்த மாதம் எல்லாரும் அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் பேசுகிறார்கள்.
கடலுக்கு அந்தப் பக்கம் ஜனாதிபதி தேர்தல்.
யானையா, நாற்காலியா.

சன்னாசி யானை.
அந்தோணிமுத்து நாற்காலி.
இரண்டு பேருக்கும் அங்கே ஓட்டு கிடையாது.
அட்டையில் 'தாயகம் திரும்பியோர்' என்று குத்தி
கப்பலேற்றியவர்கள்
அதைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள்.
இங்கே ஓட்டு உண்டு. ஆனால் இங்கே ஜனாதிபதியை
எம்.பி., எம்.எல்.ஏ.க்களே பார்த்துக்கொள்வார்கள்,
நம்மைத் தொந்தரவு செய்வதில்லை.

இதைச் சொல்லியும் பார்த்தேன்.
"நீ மீட்டரப் பாரு தாயி" என்றார்கள்
இரண்டு பேரும் ஒரே மூச்சில்.
அந்த மாதம் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

பேராட்டில் தொடங்கும் சண்டை.
கொழுந்து நிறுக்கிற இடத்தில் கொஞ்சம் ஆறும்.
மாலை என் பூத் வாசலில், தலையில் படங்கோடு,
மழை சொட்டச் சொட்ட மறுபடியும்.
"போன மாசம் உன் வீட்டுச் சுவரத் தள்ளிட்டுப்
பலாப்பழம் தின்னுட்டுப் போச்சே,
அதுக்கா உன் ஓட்டு?"
"அது காட்டு யானைடா. இது கட்சி யானை."
"ரெண்டும் ராத்திரியிலதான் வந்துச்சு."

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.
அந்தோணிமுத்து வந்தது எண்பத்து நாலில், கடைசிக் கப்பல்களில் ஒன்று.
முந்தின வருஷம் எரிந்த லயத்தில்
அவன் எடுத்து வந்தது ஒரு குத்துவிளக்கின் அடிப்பாகம்.
சன்னாசி வந்தது எழுபத்து நாலில்.
அது வேறு ஆட்சி. அது நாற்காலிக்காரர்களின் பஞ்சம்.
அவன் ஆத்தா பாண் வரிசையில் உட்கார்ந்தவள் எழவில்லை.
அதைச் சன்னாசி சொல்லும்போது
எத்தனையாவது ஆளாக நின்றாள் என்றும் சொல்வான்.
பதினேழாவது.

நான் அதே எழுபத்து நாலு. ஆறு வயசு.
எனக்கு ஞாபகம் கப்பலில் வாந்தி மட்டும்.
எந்தக் கட்சி என்று என்னை யாரும் கேட்கவில்லை.

ஓட்டுப் போட்ட நாள் இரவு
சன்னாசி தம்பியைக் கூப்பிட்டான்.
மஸ்கெலியாவில் ஒரு கடை நம்பர்,
ஆளைக் கூட்டிவர ஏழு நிமிஷம்,
மீட்டருக்கு அதெல்லாம் தெரியாது.
வெளியே அந்தோணிமுத்து, பின்னால் பத்துப் பேர்,
கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

"போட்டியாடா?"
"இல்லண்ணே. பேய் மழை. பாலம் வேற முங்கிருச்சு."
"இல்லையா?"
"யாரு வந்தா என்னண்ணே. காம்பராவுக்குத் தகரம் மாத்தணும்,
ஒரு ஐந்நூறு அனுப்ப முடியுமா?"

சன்னாசி என்னைப் பார்த்தான்.
நான் மீட்டரைப் பார்த்தேன்.

கதவைத் திறந்து வெளியே போனான்.
"போட்டுட்டானாம்" என்றான் உரக்க.
"யானைக்கு. காலையில மொத ஆளா."
அந்தோணிமுத்து துப்பினான். "ஒரு குடும்பத்தையே கெடுத்து வச்சிருக்கான் பாரு" என்று
ஆரம்பித்தான், விடிகிறவரை நிறுத்துகிற மாதிரி இல்லை.
சன்னாசியும் விடவில்லை.
போடாத அந்த ஓட்டுக்காக
இரண்டு பேரும் தொண்டை கட்டக் கத்தினார்கள்.

ரசீதில் முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.
அவனுக்குப் பத்து நாள் கூலி.
நூறு கொடுத்தான், பாக்கியை எழுதிக்கொள்ளச் சொன்னான்.
நோட்டில் பெயருக்கு எதிரே
எதற்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது.
'மஸ்கெலியா' என்று எழுதி,
பேனாவை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
மை ஊறிவிட்டது.