காது தெரிய வேண்டும்

இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று
குடிவரவு ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது.
பின்னணி வெள்ளை. மூக்குக்கண்ணாடி கூடாது.
சிரிக்கக் கூடாது என்று எழுதவில்லை,
ஆனாலும் யாரும் சிரிப்பதில்லை.

ராத்தா என் ஸ்டூடியோவுக்கு வந்தபோது மணி இரண்டு.
மோல்மேன் முழுக்கக் கரண்ட் போய்
வாசலில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
பையனை டீ வாங்க அனுப்பு என்றாள்.
ஸோ மின் போனான்.
ஷட்டரை முழங்கால் வரை இறக்கு என்றாள்.
இறக்கினேன்.
மாட்டியிருக்கும் மாதிரிப் படங்களை,
பட்டம் வாங்கிய பிள்ளைகளை, ஒரு பிக்குவை,
சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்வாளோ என்று பார்த்தேன்.
சொல்லவில்லை.

முதலில் முகத்திரை. பிறகு கறுப்பு. அதற்குள்
வெங்காயத் தோல் மாதிரி ஒரு சின்னத் தொப்பி.
எடுத்த ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள்,
அதனால் பேச்சில்லை. நல்லதுதான்.
பதினோரு வருஷம் சேர்த்த வாக்கியங்கள் என் நாக்கடியில் இருந்தன:
உடம்பு யாருடையது,
அவன் கண்ணுக்கு ஏன் என் தலையில் பூட்டு,
இன்னும் பல.
அவளிடமும் இருந்திருக்கும், ஊசிகளுக்குப் பின்னால்.

காது.
இடது மடலின் விளிம்பில் ஆறு ஓட்டை,
அலுக்கத்துப் போட உம்மா குத்த வைத்தது,
தூர்ந்து நொய்யரிசி போல் நிற்கின்றன.
எனக்கு மூன்றுதான். கத்தியதில் நிறுத்திவிட்டார்கள்.
அவள் கத்தவில்லை.
இதை வைத்து ஒரு காலத்தில்
நான் பெரிய கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

கன்னத்தில் வட்டமாகத் தனாக்கா.
யாரும் பார்க்காத இடத்தில்
யாருக்காக அரைத்துப் பூசினாய் என்றேன்.
ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுச் சொன்னாள்:
வெயிலுக்கு.

நான் முக்காட்டை எடுத்த அதே வருஷம்தான்
மீன் பஜாரில் ஒருவன் அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தான்.
நான் என் கையால். அவன் அவன் கையால்.
வித்தியாசம் எனக்குத் தெரியும்.
கூடை இடறி இறால் மேல் விழுந்தவளுக்கும்
அது தெரிய வேண்டும் என்று
அன்று சாயங்காலமே போய் விளக்கினேன், பாவி.
மூக்கை மூடியது அதற்குப் பிறகுதான்.
பயானைக் கேட்டுத் திருந்தினாள் என்றது ஜமாத்.
மச்சான் மூட வைத்தார் என்று நான் சொன்னேன்.
வியாபாரம் கெடும், வேண்டாம் என்று
மச்சான் ஒரு மாதம் பேசாமல் இருந்தாராம்.

நிமிர் என்றேன். தாடையை இறக்கு.
முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டாள்.
இரண்டாவதிலும்.
மூன்றாவதில் பார்த்தாள், என்னை அல்ல,
கேமராவின் சிவப்புப் பொட்டை.

ஆறு பிரதி. வெட்டி உறையில் போட்டேன்.
கேமராவில் இருப்பதை அழி.
அழித்தேன்.
கம்ப்யூட்டரில்?
அழித்தேன்.
அழித்ததெல்லாம் போய்ச் சேரும் அந்தக் குப்பைக்கூடையில்?
அங்கேயும்.
உறையை ஒரு தரம் எண்ணிவிட்டுக் கேட்டாள்:
ஆபீஸில் இதை எங்கே வைப்பார்கள்?

எனக்குத் தெரியும்.
ஜன்னலோர மேஜை, கட்டுப் பிரிந்த பேரேடு,
எச்சில் தொட்டுப் புரட்டும் விரல்,
ஓரமெல்லாம் வெற்றிலைச் சிவப்பு.
பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்றேன்.
நம்பியது போல் தலையசைத்தாள்.

தொப்பி. கறுப்பு. திரை.
பின்கழுத்து ஊசிக்குக் கை எட்டவில்லை,
தோள் வலி என்றாள்.
வாங்கி நான் குத்தினேன்.
நேராக இருக்கா?
இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது,
இழுத்துச் சரிசெய்தேன்.
மூவாயிரம் ஜாட்டை எண்ணி மேஜையில் வைத்தாள்.
வேண்டாம் என்று சொல்ல நினைத்து
எடுத்துக்கொண்டேன்.

ஸோ மின் ஷட்டரைத் தட்டினான்.
மூன்று பிளாஸ்டிக் பையில் டீ.
உறிஞ்சுகுழல் ஒன்றே ஒன்று.
தரையைப் பார்த்தபடி
அதை அவள் பக்கம் நீட்டினான்.