பன்னிரண்டு மணி நேர எப்போதும்

தொண்ணூறு அடி ரோட்டில்
எங்கள் கடை ஆறடிக்கு ஏழு.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஆள் இரண்டு.
பகலில் நான், விண்ணப்பங்களுக்கு.
ராத்திரி பேச்சிமுத்து,
தோல்பைப் பட்டறைகளுக்கு லேபிள் அடிக்க.
எட்டு மணிக்குச் சாவி
வடாபாவ் கடையில் கைமாறும்.
தாராவியில் ஒரே நாற்காலியில் இரண்டு வருஷம்;
அவர் முகத்தைப் பார்த்தது மூன்று தடவை.

அட்மிஷன் நெரிசல்.
கும்பார்வாடா ரமீலாபென் பென்டிரைவை நீட்டினாள்,
மகனின் ஜாதிச் சான்றிதழ்.
இரண்டு தட்டு தட்டினேன்.
பாட்டுப் பெட்டி திறந்தது.
கறுப்புத் திரை, நடுவில் ஆரஞ்சுக் கூம்பு,
கீழே நேரம்: பூஜ்யம் பூஜ்யம், பூஜ்யம் பூஜ்யம்.
ஜாதி பாடவில்லை.
"சத்தம் கூட்டுங்க அக்கா" என்றான் பின்னால் நின்றவன்.
வரிசை சிரித்தது.

வலது பக்கம் சொடுக்கி,
எதைக்கொண்டு திறப்பது என்று அது கேட்க,
சிவப்புச் சின்னத்தைக் காட்டி
'எப்போதும்' கட்டத்தில் டிக் போட்டேன்.
சான்றிதழ் வந்தது, தலைகீழாக.
அது ஸ்கேன் செய்தவன் பாவம்.

மறுநாள் ஊதுபத்தி கொளுத்தி
முதல் ஃபைலைத் தட்டினால்
கூம்பு.
வைரஸ் என்றான் மொபைல் ரிப்பேர் இர்ஷாத், முந்நூறு கேட்டான்.
சிவப்புச் சின்னத்தைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன்.
அணைத்து, பத்து எண்ணி, எழுப்பினேன்.
சாயங்காலம் வரை சமர்த்து.
விடிந்தால் கூம்பு.

ஐந்தாம் நாள்தான் உறைத்தது.
நான் வைத்த 'எப்போதும்' மேல்
இன்னொருவர் தன் 'எப்போதும்' வைக்கிறார்.
இரண்டுக்கும் ஆயுள்
பன்னிரண்டு மணி நேரம்.

சண்டைக்குச் சாட்சி தேடி
டவுன்லோட் குப்பையைக் கிளறினேன்.
'பாடம்' என்று ஒரு ஃபோல்டர்.
நாற்பத்தியொரு ஃபைல், எல்லாவற்றுக்கும் பிடிஎஃப் வால்.
பதினான்கைச் சிவப்பில் திறந்தேன்.
கோப்பு சேதமடைந்திருக்கலாம் என்றது.
எரிச்சலில் கூம்பில் திறந்தேன்.
முப்பத்தியொரு நிமிஷம்.

ஒரு பெண் குரல்.
மராத்தியில் ஒரு வாக்கியம் சொல்லி
நாம் திருப்பிச் சொல்ல நேரம் விட்டது.
மாநகராட்சிக் கிளார்க் பரீட்சை,
கவுன்ட்டரில் பேசும் மொழி.
ஒரிஜினல் கொண்டுவந்தீர்களா.
இரண்டு போட்டோ எங்கே.
ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த மௌனம்.
கோச்சிங்காரன் எவனோ
ஒலிக்குக் காகிதத்தின் வாலை ஒட்டி விற்றிருக்கிறான்.
நம்மவர் வாலைப் பார்க்கவில்லை;
பிடிஎஃப் குலத்தையே
கூம்புக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்.

ஷட்டரைப் பாதி இறக்கி
ராத்திரி இரண்டு மணிக்கு
காலி பெஞ்சிடம் ஒரிஜினல் கேட்டிருப்பார்.

சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே
பேர் மாற்றினேன்.
கடைசி மூன்று எழுத்துதான்.
மாற்றினால் பயன்படாமல் போகலாம், நிச்சயமா?
நாற்பத்தியொரு தடவை கேட்டது.
நாற்பத்தியொரு தடவை ஆமாம் என்றேன்.
ரசம் ஆறிவிட்டது.
சீட்டு எழுதி வைக்கவில்லை.

மறுநாள் ரேஷன் கார்டு
ரேஷன் கார்டாகத் திறந்தது.

பதினான்காம் பாடத்தின் கடைசி வாக்கியத்துக்கு
எனக்கு வாத்தியார் வேண்டாம்.
வார்டு ஆபீசில் பதினோரு வருஷமாகக் கேட்டது:
உத்யா யா.
நாளைக்கு வாங்க.

எட்டுக்கு ஐந்து நிமிஷம்.
மழையில் நனைந்த மராத்தி விண்ணப்பத்தைப்
புடவைக்குள் வைத்துக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது,
அந்த ரெண்டு வார்த்தை.

"உட்காருங்க,
ராத்திரி ஆள் வருவார்" என்றேன்.
"அவருக்கு மராத்தி தெரியும்."